வறட்சியும் கச்சான் காற்றும்: கண்டி, தும்பறைப் பகுதிகளில் காய்கறித் தோட்டத்தைக் காக்கும் முறை

கண்டி என்றவுடன் மழையும் குளிர்ச்சியும் பசுமையுமே வெளியூராரின் நினைவுக்கு வரும். ஆனால் கண்டி நகரிலிருந்து கிழக்கு நோக்கிக் குண்டசாலை, திகன, தெல்தெனிய வழியாகச் செல்பவர், ஆனி ஆடி மாதங்களில் வேறொரு காட்சியைக் காண்பர். மலைச்சரிவுகளிற் புல் காய்ந்து மஞ்சளித்திருக்கும். வாழையிலைகள் நார் நாராய்க் கிழிந்திருக்கும். காலையிற் செழிப்பாக நின்ற கத்தரியும் தக்காளியும் நண்பகலிலே தலை சாய்ந்துவிடும். இம்மாதங்களிலேயே மலைக்கு அப்பால் வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழை ஓயாது பொழிந்துகொண்டிருக்கும்.

தும்பறைப் பள்ளத்தாக்கிலும் அதனை அடுத்த கிராமங்களிலும் தோட்டஞ் செய்வோர் ஆண்டில் இருமுறை இத்தகைய சோதனைக்கு ஆளாகின்றனர். தை முதல் பங்குனி வரையுள்ள வறட்சிக் காலம் ஒன்று. ஆனி முதல் ஆவணி வரையுள்ள வறண்ட காற்றுக் காலம் மற்றொன்று. இக்காலங்களில் ஒருவர் காலையும் மாலையும் கிணற்றிலிருந்து நீர் சுமந்து ஊற்றியும் பயிர் தேறாமற் போவதுண்டு. கிணறும் வற்றி, கைப்பணமும் கரைந்து, பயிரும் கருகிய பின்னர், “நமது மண்ணில் மரக்கறி வராது” என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். மண்ணின்மீது பழி சுமத்துவதன் முன், செய்த வேலைகளின் வரிசை சரிதானா என்று பார்த்தல் வேண்டும். நீர் ஊற்றுதல் முதலில் வரவேண்டிய வேலையன்று. அது நான்காவது வேலை. அதற்கு முன்னர் மூன்று வேலைகள் உள. அவற்றை இங்கே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

காற்று ஏன் வறண்டு வீசுகின்றது?

தென்மேற் பருவக்காற்றுக் கடலிலிருந்து ஈரம் நிறைந்து வருகின்றது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் அது மேலேறும்போது குளிர்ந்து, ஈரத்தை மழையாகச் சொரிந்துவிடுகின்றது. மேற்குச் சரிவின் சில இடங்களில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இக்காரணத்தாலேயே. ஈரத்தை இழந்த அக்காற்று மலையின் மறுபக்கத்திற் கீழிறங்குகின்றது. கீழிறங்கும் வறண்ட காற்று, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சென்ரிகிரேட் வெப்பம் அடைகின்றது. ஆகவே அது பள்ளத்தாக்கை வந்தடையும்போது வெம்மையும் வறட்சியும் கொண்டதாய், செல்லுமிடமெல்லாம் ஈரத்தை உறிஞ்சுகின்றது. கிழக்கு மாகாணத் தமிழர் “கச்சான்” என்று வழங்குவது இந்தக் காற்றையே. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளிலும் இதே இயல்புடைய காற்று வீசுகின்றது.

இது புதிய செய்தியன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான தமது நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். ஒரு மலையின் ஒரு பக்கத்தில் மழையும் ஈரமுமாக இருக்க, மறுபக்கத்துக்கு வந்ததும் நிலத்திற் கால் வைத்து நடக்கவே இயலாத வெப்பத்தைக் கண்டதாக அவர் எழுதினார். அன்று அவர் கண்ட அதே மலைத்தடையின் மறைவிலேதான் இன்றும் தும்பறைத் தோட்டங்கள் இருக்கின்றன.

கண்டி நகரை அண்டிய பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றராகும். கிழக்கே செல்லச் செல்ல இது குறைகின்றது. இவ்வளவு மழை ஒரு தோட்டத்துக்குப் போதாதா எனலாம். தொகை போதும், ஆனால் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் ஏப்பிரலையொட்டியும் பெய்துவிடுகின்றது. இடையிலுள்ள மாதங்களுக்கு அந்த ஈரத்தை மண்ணிற் சேமித்து வைப்பதே கமக்காரரின் திறமையாகும்.

செடி ஏன் வாடுகின்றது?

செடியின் இலைகளில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துளைகள் உள. அவற்றின் வழியாக நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். காற்று அமைதியாக இருந்தால், வெளியேறிய ஈரம் இலையைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வைபோல் நின்று, மேலும் நீர் வெளியேறுவதைக் குறைக்கும். காற்று பலமாக வீசும்போது அந்தப் போர்வை நொடிக்கு நொடி கலைக்கப்படுகின்றது. வேர் ஒரு மணி நேரத்திற் கொடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுதியாகிவிடும். அப்பொழுது மண்ணில் ஈரம் இருந்தாலுங்கூடச் செடி வாடும். உலர்துணி கொடியிற் காய்வது வெயிலால் மட்டுமன்று, காற்றாலுந்தான் என்பதை யாவரும் அறிவர். இலையின் நிலையும் அதுவே.

இதிலிருந்து ஒரு முக்கிய பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம். நண்பகலில் வாடி, மாலை நிமிரும் செடிக்கு மண்ணில் நீர்ப் பஞ்சம் இருக்கவேண்டும் என்பதில்லை. காலையிலும் நிமிராது நிற்கும் செடிக்கே நீர் உடனே தேவை. இந்த வேறுபாட்டை அறியாது, நண்பகலில் வாடியதைக் கண்டவுடன் வாளி வாளியாக ஊற்றுபவர், வேரைச் சேற்றில் மூழ்கடித்து அழுகச் செய்கிறார்.

மண் ஈரமாயிருந்தும் தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடிகள் பச்சையாகவே வாடி, மறுநாட் காலையிலும் எழாவிட்டால், அது பற்றீரியா வாட்டல் நோயாக இருக்கலாம். தண்டின் அடியை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தெளிந்த நீரிற் சில நிமிடம் தொங்கவிட்டுப் பார்க்கவும். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் நோய் உறுதி. அச்செடியை வேருடன் அகற்றுவதன்றி வேறு வழியில்லை. அந்நிலத்தில் அடுத்த போகத்துக்கு இக்குடும்பத்துப் பயிர்களைத் தவிர்த்து, சோளம், பயற்றை போன்றவற்றைப் பயிரிடுதல் வேண்டும்.

முதலாவது வேலை: காற்றைத் தணித்தல்

காற்றை முற்றாக நிறுத்த முயலுதல் தவறு; அதனைத் தணித்தலே நமது நோக்கம். மதிலோ தகர வேலியோ எழுப்பினால், காற்று அதன்மேல் ஏறி, மறுபுறத்திற் சுழன்று விழுந்து, செடிகளை முன்னிலும் மோசமாக முறிக்கும். பாதியளவு காற்றை உள்ளே கசியவிட்டு, மீதியை மேலே திருப்பும் உயிர்வேலியே சிறந்தது.

அத்தகைய வேலி தனது உயரத்தைப்போற் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பளிக்கும். அதாவது, 2 மீற்றர் உயரமான வேலி 20 மீற்றர் வரை பயிரைக் காக்கும். தோட்டம் 40 மீற்றர் நீளமாயின் நடுவிலும் ஒரு வேலி தேவை.

வேலி அமைப்பதற்கு முன் காற்றின் திசையை நேரிற் கண்டறிதல் வேண்டும். பள்ளத்தாக்குகளிலும் மலை இடுக்குகளிலும் காற்றுத் திசை திரும்பி வீசும். அடுத்த தோட்டத்தின் திசை உமது தோட்டத்துக்குப் பொருந்தாது. ஆளுயரத் தடியொன்றில் ஒரு துண்டுத் துணியைக் கட்டித் தோட்டத்தின் நடுவில் நாட்டி, ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை மூவேளையும் பார்த்துக் குறித்துக்கொள்க. கச்சான் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால், அப்பக்கத்து வேலி மாலை வெயிலையும் மறைத்து இரட்டை நன்மை தரும்.

உயிர்வேலிக்கு நமது பகுதியில் மிகவும் ஏற்றது கிளிசிரிடியா எனப்படும் சீமைக்கிளுவை. 2005 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் இதனைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்த நான்காவது தோட்டப்பயிராக ஏற்றுக்கொண்டது. கட்டைவிரலினும் பருமனான, முதிர்ந்த, ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான தடிகளை ஒக்டோபர் மழை தொடங்கியவுடன் அரை மீற்றர் இடைவெளியில் நாட்டுக. தடியின் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, ஒரு முழ ஆழம் இறக்கி, மண்ணை நன்கு மிதித்து இறுக்குதல் அவசியம். ஆடுகின்ற தடி வேர் விடாது.

கிளிசிரிடியாவின் அடிப்பகுதி காலப்போக்கில் வெறுமையாகும். அவ்விடைவெளியாற் காற்றுக் குழாயினூடே வருவதுபோல் வேகமாக நுழையும். ஆகவே தடிகளின் இடையே ஆடாதோடையை நெருக்கமாக நடுக. அதன் கசப்பினால் ஆடு மாடு அதனைக் கடிப்பதில்லை. இலை நல்ல பசுந்தாட் பசளையுமாகும்.

வேலியின் வேர் பாத்திக்குள் வந்து நீரையும் ஊட்டத்தையும் கவர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. வேலிக்கும் முதற் பாத்திக்கும் இடையே ஒரு மீற்றருக்குக் குறையாத வெளி விட்டு, அவ்வெளியில் ஒன்றரை அடி ஆழமான கானொன்றை வெட்டி, ஆண்டுக்கொருமுறை அதனைத் துப்புரவாக்கி வந்தால், வேர் அப்பால் வராது. சரிவான நிலத்தில் இக்கான் சமவுயரக்கோட்டின் வழியே செல்லுமாயின், மழைநீரைத் தேக்கி மண்ணரிப்பையும் தடுக்கும்.

உயிர்வேலி வளர ஓராண்டாகும். அதுவரை, பயிர் நடுவதற்கு நான்கு அல்லது ஐந்து வாரங்களுக்கு முன் காற்று வரும் பக்கத்தில் இரு வரிசைச் சோளம் நெருக்கமாக விதைக்கலாம். தென்னங்கிடுகுகளையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு கிடுகுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிடுகின் அகலத்தை வெளியாக விட்டுக் கட்டுக.

நமது முன்னோரின் கண்டி வீட்டுத் தோட்டத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். தென்னையும் கமுகும் மேலே. பலாவும் மாவும் கித்துளும் நடுவே. மிளகுக்கொடி மரத்தைப் பற்றியிருக்க, கோப்பியும் வாழையும் அதன் கீழே. இஞ்சியும் மஞ்சளும் நிலத்தில். அத்தோட்டத்தினுள்ளே ஆடிக் காற்றிலும் இலை அசைவது சிறிதே. காய்கறிக்கு வெயில் தேவையாதலால் அடர்ந்த நிழலில் அதனை நடமுடியாது. ஆயினும், “வெளிச்சம் வேண்டும்” என்று மேற்குப் பக்கத்து மரங்களையெல்லாம் தறித்துவிடுபவர், வெளிச்சத்துடன் கச்சானையும் உள்ளே அழைக்கிறார். கிளைகளைக் கவ்வாத்துச் செய்க, மரத்தை விட்டுவைக்க.

இரண்டாவது வேலை: மண்ணை மூடுதல்

வெறும் மண் நண்பகல் வெயிலிற் கால் வைக்க முடியாதவாறு சுடும். அந்த வெப்பத்தில் மேல் மண்ணிலுள்ள மெல்லிய வேர்கள் மடிகின்றன. மண்புழுக்கள் ஆழத்துக்குச் சென்றுவிடுகின்றன. ஊற்றிய நீரும் செடியைச் சேராமற் காற்றோடு போய்விடுகின்றது. ஆதலால் பாத்தியில் வெறும் மண் தெரியலாகாது என்பதை விதியாகக் கொள்க.

மண்ணை மூடும் பத்திரக்கலவைக்கு வைக்கோல், காய்ந்த புல், வாழைச் சருகு, கிளிசிரிடியாத் தழை, தென்னந்தும்பு ஆகிய யாவும் உதவும். தழை விரைவில் உக்கி ஊட்டம் தரும். வைக்கோல் மெதுவாக உக்கி நெடுநாள் மூடியிருக்கும். ஆகையால் தழையை அடியிலும் வைக்கோலை மேலுமாகப் பரப்புதல் நன்று. விதை முற்றிய களைகளை மட்டும் இதற்குப் பயன்படுத்தவேண்டாம்.

பரப்பும்போது நான்கு விதிகளை நினைவிற் கொள்க:

1. மண் ஈரமாயிருக்கும்போதே மூடுக. உலர்ந்த மண்ணை மூடினால், பின்னர் பெய்யும் சிறுமழை மண்ணைச் சேராது.

2. தடிப்பு ஏறத்தாழ 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். மெல்லியதாயின் பயனில்லை, மிகத் தடித்ததாயின் நீர் உட்செல்லத் தடையாகும்.

3. தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் வெளியாக விடுக. தண்டை ஒட்டிய ஈரச் சருகு அழுகலுக்கும் கறையானுக்கும் இடங்கொடுக்கும்.

4. காற்று அள்ளிச் செல்லாதவாறு மூங்கிற் கீற்றுகளையோ மரக்கிளைகளையோ குறுக்கே இடுக.

சரிவு நிலத்தில் இம்மூடுகை இன்னொரு பணியையும் செய்கின்றது. ஒக்டோபரிற் பெய்யும் முதற் கனமழை, வறட்சியிற் பொடியான வெறும் மண்ணை ஒரே நாளில் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். அம்மண் முடிவில் மகாவலி கங்கையின் நீர்த்தேக்கங்களிலே சென்று படிகின்றது. 1985 இல் நிறைவுற்ற விக்டோறியா அணைக்கட்டின் மேற்புறத்தே வாழும் நமக்கு இதிற் சிறப்பான பொறுப்புண்டு. இழந்த மேல் மண்ணை எந்தப் பசளைப் பையிலும் விலைக்கு வாங்க இயலாது.

மூன்றாவது வேலை: வேரை ஆழத்துக்கு இறக்குதல்

மண்ணின் மேற்பரப்பு உலர்ந்தாலும் ஓரடி, ஒன்றரை அடி ஆழத்தில் ஈரம் நெடுநாள் நிற்கும். செடியின் வேர் அங்கு சென்றடைந்தாற் காற்றுக் காலத்தை அது தாங்கும். வேரை அங்கு செலுத்துவது நடுவதற்கு முன்னரே தொடங்கும் வேலையாகும்.

பாத்தியை மண்வெட்டியால் ஓரடி ஆழமாவது கொத்தி, நன்கு உக்கிய கூட்டெருவை மண்ணுடன் கலக்குக. கூட்டெரு மண்ணைப் பொருபொருப்பாக்கி, நீரைப் பிடித்து வைக்கும். வறண்ட காலத்தில் மேட்டுப் பாத்தியை உயர்த்திக் கட்டவேண்டாம். உயர்ந்த பாத்தியின் பக்கங்களாலும் ஈரம் வெளியேறும். மழைக்காலத்திற் பாத்தியை உயர்த்துக. காற்றுக் காலத்தில் அதனைத் தாழ்த்துக.

பாகல், புடோல், பூசணி போன்ற கொடிகளுக்கு ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, அடியிற் பொச்சுமட்டைகளை உட்குழி மேல்நோக்க அடுக்கி, அதன்மேற் கூட்டெரு கலந்த மண்ணை இடுக. பொச்சிலுள்ள தும்புச் சோறு தன் எடையைப்போற் பல மடங்கு நீரை ஏந்திக்கொள்ளும். ஊறிய மட்டை மழையற்ற நாட்களில் அந்நீரைச் சிறிது சிறிதாக வேருக்கு வழங்கும். ஒருமுறை புதைத்த மட்டை சில ஆண்டுகளுக்குப் பயன் தரும்.

நாற்றுகளைப் பழக்குதலும் அவசியம். நிழலிலும் ஈரத்திலும் செல்லமாக வளர்ந்த நாற்று, தோட்டத்துக் காற்றில் ஒரே நாளிற் கருகும். நடுவதற்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்னரே நிழலைப் படிப்படியாக அகற்றி, நீரையும் குறைத்து வருக. நெட்டையான நாற்றினும் குட்டையான, தண்டு தடித்த நாற்றே மேலானது. சிரட்டையிலோ காகிதக் கிண்ணத்திலோ வளர்த்த நாற்றின் வேர் அறுபடாமையால் அது விரைவிற் பிடிக்கும்.

வெயில் தணிந்த பின்னர், மாலையில் நடுக. நட்ட அன்றே வாழை மடலின் ஒரு துண்டை மேற்குப் பக்கமாகச் சாய்த்துக் குத்தி நிழல் கொடுக்க. ஒரு வாரம் சென்றபின் அதனை அகற்றிவிடலாம்.

காற்றுக் காலத்தில் யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவது பெரும் பிழையாகும். அது அகன்ற, மெல்லிய, நீர் நிறைந்த இலைகளைத் தரும். அத்தகைய இலையே முதலில் வாடும். சாறுறிஞ்சும் பூச்சிகளும் அதனையே நாடும். உலர்ந்த மண்ணில் இட்ட யூரியா வேரைச் சுடவுஞ் செய்யும். மண் பரிசோதனையின்படி, ஈர மண்ணிலே, சிறிது சிறிதாகப் பிரித்து இடுக.

நான்காவது வேலை: நீரை அளந்து பாய்ச்சுதல்

இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு லீற்றராகும். வெயிலும் காற்றும் மிகுந்த நாளில், நன்கு வளர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து 5 மில்லிமீற்றர் வரை நீரை இழக்கும். ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றராதலின், அதற்கு நாளொன்றுக்கு 125 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியிற் பன்னிரண்டரை வாளி நீர் வேண்டும். பத்துப் பேர்ச் தோட்டத்துக்கு 125 வாளி! சரிவான நிலத்திற் கிணற்றிலிருந்து இத்தனை வாளியைச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே. காற்றைத் தணித்து மண்ணை மூடுதலால் மிஞ்சும் ஒவ்வொரு வாளியும் அவர்களது முதுகின் பாரத்தைக் குறைப்பதாகும்.

நாள்தோறும் சிறிதளவு தெளித்தல் மேல் மண்ணை மட்டும் நனைக்கும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே வந்துவிடும். பின்னர் ஒருநாள் நீர் தவறினாற் செடி மடியும். ஆகவே வேரூன்றிய பயிருக்கு இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை ஆழமாக நனையும்படி பாய்ச்சுக. புதிதாக நட்ட நாற்றுக்கும் கீரைக்கும் மட்டுமே நாள்தோறும் நீர் தேவை. மண்ணை ஒரு சாண் ஆழத்தில் எடுத்துக் கையாற் பிடித்துப் பார்க்க. உருண்டையாக நின்றால் இன்று நீர் வேண்டாம். பொடிந்து உதிர்ந்தாற் பாய்ச்சுக.

காலை எட்டு மணிக்கு முன்னரே பாய்ச்சுதல் சிறந்தது. அப்போது காற்று அடங்கியிருக்கும். நண்பகலிற் பூவாளியால் தெளிக்கும் நீரிற் பெரும்பகுதி செடியைச் சேராது. நீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுக. வசதியுள்ளோர் சொட்டு நீர்ப்பாசனக் குழாய்களை மூடுகையின் கீழே பதிக்கலாம்.

வசதி குறைந்தோருக்கு மட்பானை முறை உண்டு. மெருகிடாத மட்பானையைக் கழுத்தளவு மண்ணிற் புதைத்து நீர் நிரப்பினால், நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வேரைச் சேரும். மண் ஈரமாயிருந்தாற் கசிவு குறையும், உலர்ந்தாற் கூடும். சீன நாட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுந்த விவசாய நூலிலும் இம்முறை கூறப்பட்டுள்ளது. பானையைச் சுற்றி மூன்று நான்கு பூசணி அல்லது வெள்ளரிக் கொடிகளை வளர்க்கலாம். பானையின் வாயை எப்பொழுதும் இறுக மூடிவைக்க. இல்லையேல் டெங்கு நுளம்பு அதிற் பெருகும்.

சில பயிர்களுக்குரிய சிறப்புக் கவனிப்பு

மிளகாய்: வறண்ட காலத்தில் இலைச் சுருளல் மிகும். நுனியிலைகள் மேல்நோக்கிச் சுருண்டாற் பனிப்பூச்சியும், கீழ்நோக்கிச் சுருண்டாற் சிற்றுண்ணியும் காரணமாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே இலையின் அடிப்பக்கம் நனையக் காலையில் நீரைப் பீச்சினால் இவை குறையும். காரணம் அறியாமல் நஞ்சு தெளித்தால் இவற்றை உண்ணும் நற்பூச்சிகளே முதலில் மடியும்.

தக்காளி: ஒருநாள் மிகுதியாகவும் பல நாட்கள் இல்லாமலும் நீர் பாய்ச்சினால், காயின் அடிப்பக்கம் கறுத்து உட்குழியும். இது தொற்று நோயன்று. நீர் ஒழுங்கின்மையாற் கல்சியம் காயைச் சென்றடையாமையே காரணம். செடியைத் தடியுடன் எட்டு வடிவ முடிச்சாகத் தளர்த்திக் கட்டினால், காற்றிலே தண்டு தேயாது.

பயற்றை, போஞ்சி, பாகல், புடோல்: பந்தலும் வேலியும் காற்றுக்குக் குறுக்கே நின்றாற் பாய்போலக் காற்றை ஏந்திச் சரியும். வரிசைகளைக் காற்றின் திசை வழியே அமைக்க. போஞ்சி வெப்பத்திற் பூவை உதிர்க்கும். ஆகையால் வெயில் மிகுந்த இடங்களில் அதற்குப் பதிலாகப் பயற்றையையும் வெண்டியையும் நடுதல் ஆதாயமானது.

வாழை: கிழிந்த இலையை வெட்டவேண்டாம், அதுவும் உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும். குலை ஈன்ற மரத்துக்குக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக முட்டுக்கொடுக்க.

நெல் வயலுடையோருக்கு

வைக்கோலை வயலில் எரிக்கும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். வயலுக்குத் திருப்பியது போக மிஞ்சும் வைக்கோல், தோட்டத்துக்கு விலையின்றிக் கிடைக்கும் போர்வையாகும். மேலும், காற்றுக் காலத்தில் மூட்டும் தீ, காய்ந்த புல்வெளிகளுக்குத் தாவி மலைச்சரிவையே எரித்துவிடும்.

வெப்பமும் வறண்ட காற்றும் பூக்கும் நெல்லையும் தாக்கும். மூன்றரை மாத நெல், விதைத்த ஏறத்தாழ 75 ஆம் நாளிற் பூக்கும். பூக்கள் முற்பகலில் விரிந்து மகரந்தம் சிந்துகையில் வெப்பம் 35 பாகைக்கு மேற் சென்றாற் பதர் மிகும். ஆதலால் சிறுபோகத்தில் ஏப்பிரல் மழையைத் தவறவிடாது காலத்தோடு விதைத்து, பூக்கும் இரு வாரங்களிலும் வயலில் நீர் குறையாமற் பார்த்துக்கொள்க. சிறுபோகத்துக்கு நீர் போதாத வயல்களில், நெல்லுக்குப் பதிலாகப் பயறும் மரக்கறியும் இடுதல் இழப்பைத் தவிர்க்கும்.

மாதவாரி வேலைக் குறிப்பு

ஒக்டோபர், நவம்பர்: உயிர்வேலி நாட்டுதல், பொச்சுக் குழிகள் அமைத்தல், கான்களைத் துப்புரவாக்குதல்.

டிசம்பர்: கிளிசிரிடியாவைக் கவ்வாத்துச் செய்தல். இப்போது வெட்டினால், மாசி மாதத்தில் இலையுதிராமற் புதிய தழை நிற்கும். மழை ஓய்வதற்கு முன் பாத்திகளை மூடுதல்.

ஜனவரி முதல் மார்ச் வரை: ஆழமாக நீர் பாய்ச்சுதல், மூடுகையைப் புதுப்பித்தல், சிறுபோகத்துக்கான நாற்றுமேடை, கூட்டெரு ஆயத்தம்.

ஏப்பிரல், மே: முதல் மழையுடன் நடுதல், சோள வரிசை விதைத்தல். கச்சான் வருவதற்கு முன் வேர் ஆழம் சென்றிருத்தல் வேண்டும்.

ஜூன் முதல் ஓகஸ்ற் வரை: வேலியை வெட்டாதிருத்தல், பக்கக் கிளைகளை மட்டும் ஒழுங்குசெய்தல், முட்டுகளையும் கட்டுகளையும் பார்வையிடுதல்.

செப்ரெம்பர்: வேலியிற் பட்டுப்போன தடிகளைக் குறித்துக்கொள்ளுதல்; மழைநீரைத் தேக்க நிலத்தை ஆயத்தஞ் செய்தல்.

நீரே செய்து பார்க்கவேண்டிய சோதனை

மேற்கூறியவற்றை எழுத்தில் உள்ளது என்பதற்காக நம்பவேண்டாம். ஒரே அளவான இரண்டு தட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீர் ஊற்றுக. ஒன்றை வெளியான இடத்திலும் மற்றதை வேலியின் மறைவிலும், இரண்டிலும் வெயில் ஒரே அளவாகப் படும்படி வைக்க. காகம் குடியாதவாறு இரண்டையும் ஒரேவகைக் கம்பிவலையால் மூடுக. மாலையில் மிஞ்சிய நீரை ஒரு கோப்பையால் அளந்து பார்க்க. இரண்டுக்குமுள்ள வேறுபாடே, உமது பயிரிடமிருந்து காற்று நாள்தோறும் களவாடும் பங்கு.

அடுத்ததாக, ஒரே பயிர் நட்ட இரு பாத்திகளில் ஒன்றை மூடியும் மற்றதைத் திறந்தும் விட்டு, ஒரு மாதம் ஒவ்வொன்றுக்கும் ஊற்றிய வாளிகளைச் சுவரிற் கோடிட்டு எண்ணி வருக. அந்தக் கோடுகள் இத்துண்டுப்பிரசுரத்தைவிட நன்றாக உமக்குப் பாடம் சொல்லும், அயலவருக்கும் சொல்லும்.

காற்றைத் தணித்தல், மண்ணை மூடுதல், வேரை ஆழப்படுத்துதல், அதன் பின்னரே நீர் பாய்ச்சுதல்: இவ்வரிசையை மாற்றலாகாது. உமது நிலத்துக்கேற்ற இனங்களையும் மண் பரிசோதனையையும் பற்றி உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறிந்துகொள்க. வருகின்ற ஒக்டோபர் மழையின்போது முதலாவது கிளிசிரிடியாத் தடியை நாட்டுபவர், அடுத்த ஆடிக் காற்றில் அதன் பயனைக் காண்பர்.